ஃபார்மட்டில் இல்லாத டிஸ்க்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் கடைக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் ஊர்வலமாக வந்தது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. முன்னால் காக்கிச் சீருடையில் பாக் தர்மோனோ, மாவட்டப் பணியாளர் துறையில் ஆவணப் பிரிவின் தலைவர். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு காக்கிகள். கடைசியில் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, இரண்டு கைகளாலும் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். சுதந்திர தினத்தன்று பதக்கம் வைத்துக் கொண்டுவருவார்களே, சிவப்பு வெல்வெட் விரித்த தட்டு, அதேதான். வெல்வெட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டிஸ்க். அதன் முதுகில் அரசாங்கச் சொத்து எண் ஒட்டியிருந்தது.

என் கடை கம்ப்யூட்டர் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. ஒரு பக்கம் செல்போன் உறை விற்பவர், இன்னொரு பக்கம் தெம்பே என்னும் சோயா வில்லைகளை வறுப்பவர். தொலைந்த ஃபைல்களை மீட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. மாணவர்கள் அழுதுகொண்டு வருவார்கள். கல்யாண வீடியோக்காரர்கள் வியர்த்துக்கொண்டு வருவார்கள். தட்டில் ஏந்திக்கொண்டு இதுவரை யாரும் வந்ததில்லை.

"மாஸ் தேஜோ நீங்கதானே?"

"ஆமா பாக். உட்காருங்க."

எங்கள் ஊரில் பெரியவர்களுக்குப் பாக், பெண்களுக்கு இபு, சற்று இளையவர்களுக்கு மாஸ் என்று மரியாதைச் சொல் சேர்த்துத்தான் கூப்பிடுவோம். பாக் தர்மோனோ உட்காரவில்லை. சட்டைப்பை பேனாவைச் சரிசெய்துகொண்டு, "இந்த டிஸ்க் ஒத்துழைக்க மறுக்குது" என்றார். சரியாக வேலை செய்யாத ஊழியரைப் பற்றி மேலிடத்தில் புகார் சொல்லும் தொனி.

"என்ன பண்ணீங்க?"

"நாங்க ஒண்ணும் பண்ணலை. அதுவா பண்ணிக்கிச்சு."

பதினெட்டு வருடமாக என் கடைக்கு வந்த எல்லா டிஸ்க்கும் தானாகவே ஏதோ பண்ணிக்கொண்டவைதான். அதனால் நான் மேலே கேட்கவில்லை. டிஸ்க்கை எடுக்கக் கையை நீட்டினேன்.

"பொறுங்க" என்றார் அவர். "அரசாங்கச் சொத்து. ஒப்படைப்புப் பத்திரத்துல கையெழுத்துப் போடாம தொடக்கூடாது."

தட்டு ஏந்திய பெண்மணி தட்டை என் மேசை மேல் வைத்துவிட்டுத் தோள்பையிலிருந்து மூன்று பிரதிகளை எடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். பாக் தர்மோனோ வாங்கிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு அளவுகோலை எடுத்து, தாளின் இடது ஓரத்திலிருந்து என் கையெழுத்து வரை அளந்தார்.

"நாலு சென்டிமீட்டர் விடணும். நீங்க மூணரைதான் விட்டிருக்கீங்க."

"இப்ப என்ன பண்றது பாக்?"

"மறுபடி போடுங்க. ஃபார்மட்னு ஒண்ணு இருக்கில்லையா?"

மூன்று புதுப் பிரதிகளும் அந்தப் பையிலேயே தயாராக இருந்தன. பெண்மணி அவற்றை எடுத்து நீட்டியபோது அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இதெல்லாம் அவருக்குப் பழகிப்போன விஷயம் என்று தெரிந்தது.

இரண்டாவது முறை போட்ட கையெழுத்து தேறியது. பக்கத்துக் கடையில் தெம்பே பொரியும் வாசனை வந்தது. மூன்று காக்கிகளும் "இதோ வந்துடறோம்" என்று அந்தப் பக்கம் போனார்கள். பெண்மணி மட்டும் டிஸ்க்குக்குக் காவலாக நின்றார்.

"நீங்க போகலையா இபு?"

"நான் ஹொனோரர், மாஸ். தெம்பே நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்" என்றார். சிரித்தாரா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

அவர் பெயர் வினார்த்தி. ஹொனோரர் என்றால் தற்காலிக ஊழியர். தற்காலிகம் என்பது எங்கள் அலுவலகங்களில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் ஓடும். வினார்த்திக்குப் பதினான்கு வருடம் ஓடியிருந்தது. இப்போதுதான் ஜகார்த்தாவிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. பழைய ஹொனோரர்களின் பணி ஆவணங்களை இணையத்தில் ஏற்றினால் நிரந்தரம். எங்கள் மாவட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கடைசி நேரம் வியாழக்கிழமை மாலை நான்கு மணி. அதோடு தளம் மூடிக்கொள்ளும், மறுபடி எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

"அந்த இருநூத்திப் பன்னிரண்டு பேரோட பேப்பரும் இந்த டிஸ்க்லதான் இருக்கு. என்னோடதும்."

"மூலப் பத்திரம் இருக்குமே?"

"ஸ்கேன் பண்ணி முடிச்சதும் துறைமுகத்துக்குப் பக்கத்துல இருக்கற கிடங்குக்கு அனுப்பிட்டாங்க. கீழ் அடுக்குல வெச்சாங்க."

எங்கள் கடற்கரையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடல் தெருவுக்குள் வந்து போகும். கீழ் அடுக்கு என்றால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

"ஸ்கேன் பண்ணவர்கிட்ட நகல் இல்லையா?"

"பாக் தர்மோனோவோட அண்ணன் மகன்தான் பண்ணான். ரிஃப்கி. அவன்கிட்ட இருக்கறது மேக் கம்ப்யூட்டர். ஆபீஸ் டிஸ்க்க வாங்கிட்டுப் போய், மேக்குக்கு ஏத்த மாதிரி அமைச்சு, அதுலயே ஏத்திக் கொடுத்தான். கல்யாண வீடியோவுக்கு இடம் பத்தலைன்னு அவன் பக்கத்துல எல்லாத்தையும் அழிச்சுட்டான்."

எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மேக்குக்காக அமைத்த டிஸ்க்கை அலுவலகத்து விண்டோஸ் கம்ப்யூட்டரில் சொருகினால் அதற்கு ஒன்றும் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ளவும் அதற்கு மனம் வராது. 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யட்டுமா?' என்று கேட்கும்.

"யார் சரின்னு அழுத்தினது?"

வினார்த்தி தெம்பே கடைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நேத்து திங்கள்கிழமை. காலைல எல்லாரும் கொடி அணிவகுப்புக்குப் போயிட்டோம். நான் மைக்ல உறுதிமொழி வாசிச்சேன், வருகைப் பதிவேட்டுல பாக்குக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுட்டுத் திரும்பி வந்தா, அவர் ரொம்ப சந்தோஷமா உட்கார்ந்திருக்கார். 'இபு, பார்த்தீங்களா! கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சுபோச்சு, இந்த டிஸ்க் ஃபார்மட்ல இல்லைன்னு. நான் ஃபார்மட் பண்ணிக் கொடுத்துட்டேன்'னார்."

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

பாக் தர்மோனோவை நான் குறை சொல்ல மாட்டேன். இருபத்தாறு வருடம் அவர் செய்த வேலை ஒன்றுதான். வருகிற தாளெல்லாம் ஃபார்மட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லையென்றால் திருப்பி அனுப்புவது. இடது ஓரம் நாலு சென்டிமீட்டர், எழுத்து பன்னிரண்டு, முத்திரை கையெழுத்தின் மேல் பாதி ஏறியிருக்க வேண்டும். இதையெல்லாம் புரிந்துகொண்ட ஒரு ஜீவனை அவர் வாழ்நாளில் சந்தித்ததில்லை. திங்கள்கிழமை காலை ஒரு கம்ப்யூட்டர் அவரைப் பார்த்து, தானாகவே, மரியாதையாக, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. எந்த மனிதன் வேண்டாம் என்பான்?

"எல்லாத் தகவலும் அழியும்னு அடுத்தாப்பல ஒரு எச்சரிக்கை வருமே இபு?"

"எச்சரிக்கைன்னு ஆரம்பிக்கறதை எங்க ஆபீஸ்ல யாரும் இரண்டாவது வரி படிக்க மாட்டாங்க மாஸ். தினம் நாலு வரும்."

"சரி, அதுக்கப்புறம் டிஸ்க்ல புதுசா எதையும் ஏத்தலையே?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் முதல் முறையாகத் தயங்கினார்.

"ஏத்தினார். காலியா இருந்தா ஃபார்மட் ஆகாதுன்னு சொல்லி, இருநூத்திப் பன்னிரண்டு காலி ஃபோல்டர், ஒவ்வொண்ணுக்கும் நம்பர். துறைச் சின்னம். அப்புறம் துறைப் பாட்டு."

"பாட்டா?"

"நாங்க எல்லாரும் நின்னு பாடின வீடியோ. ரிஃப்கி எடுத்தது. ரொம்பப் பெரிசு."

ஃபார்மட் செய்வது டிஸ்க்கைக் கொன்றுவிடாது. ஒரு தெருவில் எல்லா வீட்டுப் பெயர்ப் பலகையையும் கழற்றிவிட்டு, தெரு முனையில் 'காலி மனை' என்று புதுப் பலகை வைப்பது போலத்தான். வீடுகள் அப்படியே நிற்கும், உள்ளே ஆட்கள் இருப்பார்கள். அந்தப் பலகையை நம்பி யாராவது புது வீடு கட்ட ஆரம்பித்தால்தான் ஆபத்து. இங்கே ஒரு பாடகர் குழுவே வந்து கட்டிவிட்டது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் வினார்த்தி. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நிகழ்வு அறிக்கை, வரைவு. 'ஆபரேட்டர் இபு வினார்த்தியின் கவனக்குறைவால் டிஸ்க் ஃபார்மட் செய்யப்பட்டது' என்று நாலு சென்டிமீட்டர் ஓரம் விட்டு அழகாக டைப் அடித்திருந்தது.

"இது வியாழக்கிழமை செயலாளர் கையெழுத்துக்குப் போகும். கவனக்குறைவு அறிக்கை இருக்கறவங்க பேரு நிரந்தரப் பட்டியல்ல வராது. ஃபைல் கிடைச்சாலும் வராது."

"யார் இதை டைப் அடிச்சது?"

"வேற யாரு? நான்தான்."

பாக் தர்மோனோ வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். இந்த டிஸ்க்கில் இனி யாரும் எதுவும் எழுதக்கூடாது. மீட்கிற ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில்தான் கொடுப்பேன்.

"வேற டிஸ்க்கா? அதுக்குச் சொத்து எண் இல்லையே. இதுலயே எடுத்து இதுலயே போட்டுக் கொடுங்க."

"பாக், கிணத்துல விழுந்தவரைத் தூக்கி அதே கிணத்துலயே படுக்க வைக்க முடியாது."

"சொத்து எண் கிணத்துக்குத்தானே இருக்கு?" என்றார் அவர், உண்மையான கவலையோடு.

கடைசியில் வினார்த்திதான் வழி சொன்னார். டிஸ்க்கின் முதுகிலிருந்த எண் சீட்டை மெதுவாக உரித்துப் புது டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளலாம், எண் மாறாது என்றார். பாக் தர்மோனோ இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, "அது ஃபார்மட்டுக்கு விரோதமில்லை" என்று தீர்ப்புச் சொன்னார்.

அவர்கள் போனதும் டிஸ்க்கின் ஒவ்வொரு துளியையும் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் வேலையை ஆரம்பித்தேன். விண்டோஸ் மென்பொருட்கள் எல்லாமே தலையில் அடித்துச் சத்தியம் செய்தன: இங்கே இருநூற்றுப் பன்னிரண்டு காலி ஃபோல்டரும் ஒரு பாட்டும்தான் இருக்கின்றன. அவற்றிடம் கேட்டுப் பயனில்லை. பழைய குடித்தனக்காரர் பேசிய பாஷை வேறு. ஆனால் மேக்குக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. தன் பதிவேடு எங்கே இருக்கிறது என்ற குறிப்பை டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதுவதோடு நிற்காமல், கடைசி மூலையிலும் ஒரு நகல் எழுதி வைக்கும். பாக் தர்மோனோவின் ஃபார்மட் முன்வாசலில்தான் பலகை மாட்டியிருந்தது. புழக்கடைக்குப் போகவே இல்லை. அந்த நகலைப் பிடித்துக்கொண்டு பதிவேட்டுக்குப் போனேன். ஓரங்கள் கிழிந்திருந்தாலும் பதிவேடு இருந்தது.

புதன்கிழமை மதியம் வினார்த்தி சாப்பாட்டு நேரத்தில் வந்தார். வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொட்டலம் இரண்டு கொண்டுவந்திருந்தார். ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

"எத்தனை பேர் மாஸ்?"

"இருநூத்தி ஒன்பது. பேரோட, நம்பரோட, ஒரு பக்கம் குறையாம."

அவர் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. "மூணு பேர் இல்லை."

"மூணு பேர் இருந்த இடத்துலதான் துறைப் பாட்டு உட்கார்ந்திருக்கு."

"யார் யார்?"

திரையைத் திருப்பிக் காட்டினேன். எண்பத்தெட்டாம் எண் ஒருவர், அவரிடம் வீட்டில் சொந்த நகல் இருந்தது. நூற்று முப்பதாம் எண் போன வருடமே வேலையை விட்டுவிட்டுப் பேருந்து நிலையத்தில் பக்ஸோ சூப் கடை போட்டிருந்தார். நிரந்தரம் என்றால் அவர் இப்போது சிரிப்பார். மூன்றாவது, நூற்று நாற்பத்தேழு.

வினார்த்தி தன் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாட்டுல நானும் இருக்கேன் மாஸ். இரண்டாவது வரிசை, இடது ஓரம். நல்லாவே பாடியிருப்பேன்."

இது போன்ற நேரத்தில் நான் பேசுவதைவிடத் தேடுவது வழக்கம். "நீங்க கொடுத்த பேப்பரை ஒரே தடவைதான் ஸ்கேன் பண்ணாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லை. முதல் தடவை கொடுத்ததை பாக் நிராகரிச்சுட்டார். பணிப் புத்தகத்துல முதல் பக்கத்துல போட்டோ இருக்கும் இல்லையா, அதுல பின்னணி நீலம். நான் பொறந்தது எண்பத்து மூணு. ஒத்தைப்படை வருஷம். சிவப்புதான் இருக்கணும்."

இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விதி. ஒற்றைப்படை வருடத்தில் பிறந்தவருக்குச் சிவப்பு, இரட்டைப்படை என்றால் நீலம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

"பதினாலு வருஷம் முன்னாடி போட்டோ எடுத்த அன்னிக்குச் சிவப்புத் துணி துவைக்கப் போயிருந்துச்சு. அப்புறம் போன மாசம் சிவப்புப் பின்னணியில ஒரு போட்டோ எடுத்து மேல ஒட்டி, மறுபடி முத்திரை வாங்கி, மறுபடி ஸ்கேன். அதுதான் தேறுச்சு. அதுதான் இப்பப் பாட்டுக்குக் கீழ போச்சு."

"நிராகரிச்ச ஸ்கேன் என்ன ஆச்சு?"

"ரிஃப்கி அழிச்சுட்டான்."

"எப்ப?"

"அப்பவே. ஃபார்மட்ல இல்லாதது டிஸ்க்ல இருக்கக்கூடாதுன்னு பாக் சொன்னார்."

நான் சோற்றுப் பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன். அழித்த ஃபைலும் ஃபார்மட் ஆன டிஸ்க்கும் என் கண்ணுக்கு ஒரே ஜாதிதான், பலகைதான் போயிருக்கும். பதிவேட்டில் பெயரில்லாதவற்றைப் பக்கம் பக்கமாகத் தோண்ட ஆரம்பித்தேன். முதலில் ஒரு கல்யாணப் பந்தல் வந்தது. பிறகு ரிஃப்கியின் பூனை, பதினேழு கோணங்களில். பிறகு ஓரம் மூன்றரை சென்டிமீட்டர் விட்டதற்காக நிராகரிக்கப்பட்ட யாரோ ஒருவரின் சான்றிதழ். அதற்குப் பின்னால், நீலப் பின்னணியில் மெலிந்த முகத்தோடு, இருபத்தேழு வயது வினார்த்தி எங்களைப் பார்த்தார்.

அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். பதினான்கு வருடத்து நியமன உத்தரவுகள், பதினான்கு முத்திரைகள். ஒன்றுகூடக் குறையவில்லை. தேறிய ஃபைல் பாட்டுக்குக் கீழே புதைந்துவிட்டது. நிராகரிக்கப்பட்டது எங்கோ மூலையில் யார் கண்ணிலும் படாமல் முழுசாகக் கிடந்தது.

வினார்த்தி அப்போதுதான் தன் பொட்டலத்தைப் பிரித்தார்.

"அவர் ஒத்துக்க மாட்டார் மாஸ்" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே. "நீலம்."

வியாழக்கிழமை காலை புது டிஸ்க்கை ஒப்படைக்க நானே அலுவலகத்துக்குப் போனேன். எல்லாரும் பூவேலை போட்ட பாத்திக் சட்டையில் இருந்தார்கள். கூட்ட அறையில் செயலாளர் இபு ரெத்னோ தலைமை. கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுப் படிக்கும் பழக்கம் உள்ளவர்; படித்து முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது என்பது அங்கே எழுதப்படாத விதி. பக்கத்தில் பாக் தர்மோனோ, அளவுகோலோடு. மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் வினார்த்தி, கூட்டக் குறிப்பு டைப் அடிக்க. ஆளுக்கு ஒரு அட்டைப் பெட்டி பலகாரமும் மூடி போட்ட இனிப்புத் தேநீரும் வைத்திருந்தார்கள். வினார்த்தியின் மேசையில் பெட்டி இல்லை.

நான் விவரம் சொன்னேன். இருநூற்று ஒன்பது முழுசாக வந்தது, ஒருவரிடம் நகல் உண்டு, ஒருவர் விலகிவிட்டார், நூற்று நாற்பத்தேழுக்குப் பழைய ஸ்கேன் கிடைத்திருக்கிறது.

"அது நிராகரிக்கப்பட்டது" என்றார் பாக் தர்மோனோ உடனே. "பின்னணி நீலம். ஏத்த முடியாது."

"அப்ப வேற போட்டோ ஒட்டி..." என்றேன்.

"போட்டோ மேல பழைய முத்திரை பாதி ஏறியிருக்கு. புத்தகம் கையில இல்லாம ஸ்கேன்ல போட்டோவை மாத்தினா முத்திரை போலி ஆயிடும். போட்டோவை மாத்த முடியாது." கொஞ்சம் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. உதவி செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவர் முகத்தில் தெரிந்தது. "ஆனா ஒரு வழி இருக்கு. பொறந்த வருஷத்தை எண்பத்து நாலுன்னு மாத்திட்டா நீலம் ஃபார்மட்டுக்குள்ள வந்துடும்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. வினார்த்தி டைப் அடிப்பதை நிறுத்தினார்.

"எங்க அம்மாவுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பிடுங்க பாக்" என்றார் அமைதியாக. "இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பெத்திருக்கணும்னு."

இபு ரெத்னோவின் உதடு லேசாக அசைந்தது. "அது அப்புறம். முதல்ல நிகழ்வு அறிக்கை" என்று கையை நீட்டினார். பாக் தர்மோனோ வரைவைக் கொடுத்தார். நானும் என் தொழில்நுட்பக் குறிப்பைக் கொடுத்தேன். ஒரே பக்கம். டிஸ்க்கில் என்ன இருந்தது, என்ன கிடைத்தது, எப்போது என்ன நடந்தது. ஃபார்மட் செய்யும்போது கம்ப்யூட்டர் தன் கடிகாரப்படி நேரத்தையும் டிஸ்க்கில் எழுதி வைக்கும். அதையும் எழுதியிருந்தேன். எந்த அறிக்கையிலும் எழுதுவதுதான்.

இபு ரெத்னோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டையும் படித்தார். திரும்பவும் படித்தார்.

"ஃபார்மட் ஆன நேரம், திங்கள் காலை ஏழு முப்பத்து நாலு" என்றார். "அது கொடி அணிவகுப்பு நேரமாச்சே. இபு வினார்த்தி, ஏழு முப்பத்து நாலுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"மைக்ல, இபு. உறுதிமொழி வாசிச்சுட்டு இருந்தேன்."

"ஆமா, நான்தான் முன்வரிசைல நின்னேனே. இரண்டாவது வாக்கியத்துல தடுமாறினீங்க." அவர் பாக் தர்மோனோ பக்கம் திரும்பினார். "அப்ப இவங்க எப்படி ஃபார்மட் பண்ணியிருக்க முடியும்? அந்த நேரத்துல ஆபீஸ்ல யார் இருந்தாங்க?"

பாக் தர்மோனோவின் தேநீர் மூடி கீழே விழுந்து உருண்டது.

"யாரும் இல்லை இபு. எல்லாரும் அணிவகுப்புல இருந்தோம்."

"நீங்களும்?"

"நானும்."

விரல்ரேகை இயந்திரம் மூன்று வருடமாக 'விரைவில்' பழுது பார்க்கப்படுகிறது. அதனால் வருகைக்குப் பதிவேடுதான். இபு ரெத்னோ அதை எடுத்துவரச் சொன்னார். திங்கள்கிழமைப் பக்கத்தைப் பிரித்தார். வினார்த்தியின் கையெழுத்து பச்சை மையில். பத்து வரி தள்ளி பாக் தர்மோனோவின் கையெழுத்து. அதுவும் பச்சை மையில். அந்தப் பக்கத்தில் வேறு யாருடையதும் பச்சையில்லை.

இபு ரெத்னோ கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். பதிவேட்டை மெதுவாக மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்தார். அணிவகுப்பைத் தவிர்த்த பிரிவுத் தலைவர் ஒருவர். அவருக்காகக் கையெழுத்துப் போட்ட ஹொனோரர் ஒருவர். உண்மையை எழுதினால் இரண்டு பேரும் போவார்கள், ஆய்வுக் குழு ஜகார்த்தாவிலிருந்து வரும், மற்ற பக்கங்களையும் புரட்டும். மற்ற பக்கங்களில் என்னென்ன நிற மை இருக்கிறதோ.

"காகிதப்படி பார்த்தா, யாருமே ஃபார்மட் பண்ணலை" என்றார்.

சுவர்க்கடிகாரம் பதினொன்றரை காட்டியது.

"செவ்வாக்கிழமை மாஸ் தேஜோ கடைல பாக் ஒரு விஷயம் சொன்னார்" என்றார் வினார்த்தி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "டிஸ்க் அதுவா பண்ணிக்கிச்சுன்னு."

பாக் தர்மோனோ நிமிர்ந்தார். "ஆமா. சொன்னேன். சாட்சி இருக்கு" என்று என்னைக் காட்டினார்.

"சொன்னார்" என்றேன். பொய் இல்லை.

"அப்படியே எழுதுங்க" என்றார் இபு ரெத்னோ.

வினார்த்தியின் விரல்கள் ஓட ஆரம்பித்தன. வாசித்துக்கொண்டே அடித்தார். "ஊழியர் அனைவரும் அணிவகுப்பில் இருந்த நேரத்தில், மேற்படி டிஸ்க் தன் சொந்த முயற்சியால் ஃபார்மட் ஆகியது. இதில் எந்த ஊழியரின் கவனக்குறைவும் இல்லை. அணிவகுப்பில் கலந்துகொண்டோர்..." அங்கே விரல்கள் நின்றன. திரையில் கோடு மட்டும் மின்னி மின்னி நின்றது. அவர் திரும்பி பாக் தர்மோனோவைப் பார்த்தார். "நூத்தி நாப்பத்தேழாம் நம்பருக்கு முதல்ல என்ன எழுதட்டும் பாக்?"

பாக் தர்மோனோ மின்னும் கோட்டைப் பார்த்தார். மூடிய பதிவேட்டைப் பார்த்தார். அளவுகோலை எடுத்தார், வைத்தார். அந்த மனிதர் இருபத்தாறு வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்யப் போகிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. எனக்குக்கூடக் கொஞ்சம் பாவமாக இருந்தது.

"நீலமும்..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீலமும் ஃபார்மட்டுக்கு உட்பட்டதே. சிறப்பு நேர்வாக."

"சிறப்பு நேர்வாக" என்று அடித்தார் வினார்த்தி. பிறகு, அணிவகுப்பில் கலந்துகொண்டோர் பட்டியலில் முதல் பெயராக, பாக் தர்மோனோவின் பெயரைப் பட்டங்களோடு சேர்த்து அடித்தார். இபு ரெத்னோ கையெழுத்துப் போட்டார். நாலு சென்டிமீட்டர் இருந்ததா என்று அன்று யாரும் அளக்கவில்லை.

நூற்று நாற்பத்தேழாம் ஃபைல் மூன்று நாற்பதுக்கு ஏறியது. தளம் ஒரே ஒரு கேள்வி கேட்டது, ஃபைலின் அளவு சரியா என்று. போட்டோவின் பின்னணி பற்றி அது ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அப்படி ஒரு விதி ஜகார்த்தாவில் இருந்ததே இல்லை என்று பிற்பாடு தெரிந்தது.

ஏழு மாதம் கழித்து ஒரு காலை, தெம்பே கடையில் என் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்தேன். புத்தம்புதுக் காக்கியில் வினார்த்தி நின்றிருந்தார், கையில் ஒரு தட்டு நிறையச் சூடான தெம்பேயோடு.

"நிரந்தரமா இபு?"

"போன வாரம் உத்தரவு வந்துச்சு. எடுத்துக்கோங்க." கடைக்குள் வந்து உட்கார்ந்து பையிலிருந்து அந்தப் பழைய டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார். இந்த முறை வெல்வெட் இல்லை. சொத்து எண் உரித்த இடத்தில் பசை காய்ந்திருந்தது. "தணிக்கைக்காரங்க வந்தாங்க மாஸ். தவறு செஞ்சது டிஸ்க்னு அறிக்கை சொல்லுதே, அது மேல என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"பாக் தர்மோனோ எச்சரிக்கைக் கடிதம் தயார் பண்ணார். டிஸ்க் பேருக்கு. மூணு பிரதி." ஒரு தெம்பேத் துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டார். "ஆனா கடிதத்தைப் பெற்றுக்கொண்டதுக்கு டிஸ்க் கையெழுத்துப் போடணும். இல்லைன்னா ஃபார்மட் ஆகாது."

"அய்யோ. யார் போட்டா?"

வினார்த்தி விரலைத் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்துக் காட்டினார்.